பிபியும் கொலஸ்ட்ராலும் ‘கொஞ்சம்தான் கூட’ இருந்தது: உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

அன்று காலை அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மூன்றாவது பொத்தானை இடது கையால் பிடிக்கிறார், நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறார், நழுவுகிறது. “கை மரத்துப் போச்சும்மா, படுத்தது சரியில்லை” என்றார். வாய் லேசாகக் கோணியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இது பக்கவாதம் என்று எனக்கு உறைத்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நல்லவேளை, ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

எட்டு மாதம் முன்பு எடுத்த ரிப்போர்ட் வீட்டில்தான் கிடந்தது. பிபி 148/92, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 152. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, ‘கொஞ்சம்தான் கூட’ என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். “தலைவலிகூட இல்லையே” என்று அப்பா மாத்திரையை நிறுத்தினார். நானும் வற்புறுத்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனைக் காட்டி மருத்துவர் விளக்கினார். அழுத்தம் குழாயின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. அந்த இடத்தில் எல்டிஎல் சுலபமாக உள்ளே புகுந்து படிகிறது. படிவு வெடித்தால் அதன்மேல் ரத்தம் உறைகிறது. இதயத்துக் குழாயை அடைத்தால் மாரடைப்பு, மூளைக்குப் போனால் பக்கவாதம். “இரண்டையும் கூட்டிப் பார்க்காதீங்க, பெருக்கிப் பாருங்க” என்றார்.

---

சகோதரி, எனக்கு 51 வயதில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலை) வைத்தார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டவன் நான். பிபியைத்தான் பார்க்கவே இல்லை. இப்போது என் மருத்துவர் வயது, புகை, சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். பிபியின் மேல் அழுத்தத்தை (முதல் எண்ணை) 10 குறைத்தால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எல்டிஎல்லை 39 குறைத்தாலும் ஏறத்தாழ அதே அளவு. இரண்டையும் குறைத்தால் பலனும் சேர்ந்தே வருகிறது.

---

என் மாமாவுக்குக் கொலஸ்ட்ரால் நார்மல். பிபி மட்டும் பல வருடம் கவனிக்காமல் கிடந்து, மூளையில் ரத்தக்கசிவு. பக்கவாதத்தில் பிபியின் கைதான் ஓங்கியிருக்கும். கொலஸ்ட்ரால் நன்றாக இருக்கிறதே என்று தயவுசெய்து பிபியை விட்டுவிடாதீர்கள்.

---

உண்மைதான் அண்ணா. இப்போது தினமும் பிபி பார்த்து நோட்டில் எழுதுகிறோம், பக்கத்திலேயே எல்டிஎல்லுக்கும் ஒரு பத்தி. நேற்று 128/78. மேலிரண்டு பொத்தானையும் அப்பாவே போட்டுக்கொண்டார். மூன்றாவதுக்கு என்னைக் கூப்பிட்டார்.