கட்டிலுக்குப் பாவாடை தைத்த அனுபவம்

எங்கள் வீட்டு முன்னறையில் அப்பத்தா காலத்துத் தேக்குக் கட்டில் கிடக்கிறது. அதற்கு அடியில் இரண்டு ட்ரங்குப் பெட்டி, ஒரு சீர் அண்டா, பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற வெண்கலப் பானை. வைக்க வேறு இடம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த அண்டாதான். யார் வந்தாலும் அம்மா ஓடிப்போய்ப் போர்வையைத் தரை வரைக்கும் இழுத்துவிடுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பெட் ஸ்கர்ட், அதாவது மெத்தைக்கு அடியிலிருந்து கட்டிலைச் சுற்றித் தரை வரை தொங்குகிற பாவாடை, தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். 60-க்கு 78 அங்குலம், தொங்கல் 15 அங்குலம். எங்கள் கட்டிலோ 48-க்கு 75. பலகை தரையிலிருந்து 18 அங்குல உயரம். கீழே மூன்று அங்குலத்துக்குப் பெட்டி தெரிந்தது. சரி, இறக்கிவிடலாம் என்றால் மெத்தைக்கு அடியில் இருக்க வேண்டிய வெள்ளைத் துணி வெளியே வந்தது. கால்மாட்டில் கடைசல் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் மூலையில் துணி உட்காரவும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம், எங்கள் மதுரையில் புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய ஒரு தையல்கார அண்ணனிடம் போனேன். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை தைக்கிறவர். சுருக்குப் பிடிப்பதில் அவர் கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் 23 அங்குலம் என்றதும், "மெத்தை மேலயிருந்து அளந்தியாம்மா, பலகையிலிருந்தா?" என்று கேட்டார். மெத்தை மேலிருந்துதான் அளந்திருந்தேன். பாவாடை மெத்தைக்கு அடியிலிருந்து தொங்குவது. பலகையின் மேல்பக்கத்திலிருந்து தரை வரைதான் அளக்க வேண்டும். அதிலும் அரை அங்குலம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கிற வீட்டில் துணி தரையைத் தொட்டால் ஓரம் தண்ணீரை உறிஞ்சி ஒரே மாதத்தில் கறுத்துப்போகும் என்றார். ஆக 17.5 அங்குலம்.

தலைமாடு சுவரை ஒட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் வேண்டாம். மிச்சம் மூன்று பக்கம்: 75, 48, 75, மொத்தம் 198 அங்குலம். சுருக்கு நன்றாக விழ இரண்டு மடங்கு துணி, அதாவது 396 அங்குலம். இங்கேதான் அவர் ஒரு வழி சொன்னார். சுங்குடிச் சேலை ஒன்று வாங்கி, நீளவாக்கில் நடுவே வெட்டினால் இரண்டு நீளப் பட்டை கிடைக்கும். இரண்டிலும் ஒரு பக்கம் கரை இருக்கும். அந்தக் கரை கீழே வருகிற மாதிரி வைத்தால் ஓரம் மடித்து அடிக்கவே வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் போய் அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை எடுத்தேன். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசிக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுத்தேன். பருத்தி முதல் அலசலில் கொஞ்சம் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவெடுத்ததெல்லாம் வீண்.

மெத்தைக்கு அடியில் போகிற நடுத்துணிக்குக் காடாத் துணி போதும், அது யார் கண்ணிலும் படாது. பாவாடையை ஒரே சுற்றாகத் தைக்காமல் மூன்று துண்டாகத் தைத்து, கால் வருகிற மூலைகளைத் திறந்துவிட்டார். கடைசல் காலுக்கு இரண்டு பக்கமும் துணி தனித்தனியாக விழுந்தபோது அந்தக் கட்டிலுக்கே அப்படி ஒரு அழகு! அம்மா குனிந்து கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கட்டிக்கிறதுக்கே எடுத்திருக்கலாமேடி" என்றார்.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்? எழுதுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி:

எங்களுடையது இரும்புக் கட்டில், பத்து அங்குல ஸ்பிரிங் மெத்தை. துவைக்க எடுக்கிற ஒவ்வொரு முறையும் மெத்தையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என் மாமியாருக்கு இடுப்பு வலி. அதனால் நடுத்துணி இல்லாமல் சுற்றி மாட்டுகிற எலாஸ்டிக் வகை வாங்கினேன். மெத்தையைத் தூக்காமல் கழற்றலாம், அந்த வகையில் நிம்மதி. ஆனால் எலாஸ்டிக் தளர்ந்து ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது அதைப் பிரித்துவிட்டு வெல்க்ரோ பட்டை தைத்து, அதன் ஜோடியைக் கட்டில் சட்டத்தில் ஒட்டியிருக்கிறேன். அசையவில்லை.

செல்லூரிலிருந்து:

அக்கா, இலவம்பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நாங்கள் மெத்தையை அடிக்கடி மொட்டைமாடியில் வெயிலுக்குப் போடுவோம். தூக்கும்போதெல்லாம் நடுத்துணியும் கூடவே இழுபட்டு, திரும்பப் போட்டால் பாவாடை ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். நடுத்துணியின் நான்கு மூலையிலும் ஒரு முழம் நாடா தைத்து, பலகைக்கு அடியில் கட்டில் காலோடு முடிந்துவிட்டேன். நேற்றுகூட மெத்தையை வெயிலுக்கு எடுத்தோம். பாவாடை இருந்த இடத்திலேயே இருந்தது.