பாஸ்பேட் பூஜ்யமானால் முடிப்பாசி போய்விடுமா?

உப்புக்காரன்:
"பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், முடிப்பாசி பட்டினியில் செத்துவிடும்" என்று பவளப்பித்தன் இன்னொரு இழையில் எழுதியிருக்கிறார். புதிதாகப் பவளத் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி) வைத்தவர்கள் அதை நம்பி ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்) வாங்கக் கிளம்பிவிட்டார்கள். பாறை முழுக்கப் பச்சை முடி ஆடும்போது டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினால், பாஸ்பேட் இல்லை என்று அர்த்தமில்லை. வந்த வேகத்திலேயே பாசி உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கிட் அளப்பது தண்ணீரில் கரைந்து மிஞ்சியதை மட்டும். பாசிக்குள் இருப்பதையும் பாறையில் ஒட்டியிருப்பதையும் அது காட்டாது.

பவளப்பித்தன்:
பெயரைப் போட்டு இழுத்ததற்கு நன்றி. மிஞ்சுவதற்கே வழியில்லாமல் செய்தால் பாசி எதைத் தின்னும்? ஜிஎஃப்ஓவை ஆர்ஓ-டிஐ தண்ணீரில் (கரைந்த உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர்) துரு நிறம் போகும்வரை அலசி, ரியாக்டரில் (தண்ணீர் ஊடே ஓடும் குழாய்க்கலம்) மேல்பகுதி மட்டும் மெல்லப் புரளும் அளவுக்கு ஓட்டம் வைத்தால் பூஜ்யம் வரும். வேகமாகப் புரண்டால் பொடியாகித் தொட்டிக்குள் போகும். நிறத்தைக் கருவியே அளக்கும் கலரிமீட்டரில் பார்த்துத்தான் பூஜ்யம் என்கிறேன், நிற அட்டையைக் கண்ணால் பார்த்து அல்ல.

உப்புக்காரன்:
எந்தக் கலரிமீட்டர்? ஹன்னா நிறுவனத்தின் 736 என்றால் அது அளப்பது பாஸ்பரஸை, பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில். 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதன் பிழை வரம்பே 5 பிபிபி. 3 காட்டினால் உண்மையில் 0 முதல் 8 வரை எதுவும் இருக்கலாம். பாஸ்பேட்டாகச் சொன்னால் சுமார் 0.025 பிபிஎம் வரை. முடிப்பாசிக்கு அது போதும்.

அடுத்தது பாறை. கால்சியம் கார்பனேட் பாறை பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும். தண்ணீரில் குறைந்தால் திரும்ப விடும். பாசி வேர்விட்டிருப்பதே அந்தப் பாறையில்தான். தண்ணீரை நீங்கள் பூஜ்யமாக்கினால் முதலில் பட்டினி கிடப்பது பவளம். எஸ்பிஎஸ் (சிறு பாலிப் கொண்ட கடினப் பவளம்) வெளிறும், அடியிலிருந்து திசு உரியும். அப்புறம் காலியான இடத்தில் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்) வந்து உட்காரும்: பழுப்புச் சளி, நுனியில் காற்றுக்குமிழி. விளக்கணைந்ததும் குறையும், காலையில் திரும்ப வரும். முடிப்பாசியே தேவலாம் என்று தோன்றிவிடும்.

நத்தைநேசன்:
எதற்கு இவ்வளவு வேதியியல்? டர்போ நத்தை விடுங்கள், ஒரே வாரத்தில் பாறை பளிச்.

உப்புக்காரன்:
நத்தை மேய்வது குட்டையாக முளைப்பதை. விரல் நீளத்துக்கு வளர்ந்ததை முதலில் கையால் பிடுங்க வேண்டும். டர்போ மணலில் மல்லாந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பாது. அங்கேயே செத்து அம்மோனியா ஏற்றும். டிரோக்கஸ் நத்தை திரும்பிக்கொள்ளும்.

நத்தைநேசன்:
மல்லாந்தால் கையால் திருப்பிவிடுங்கள். நத்தையைத் தினம் ஒருமுறைகூடப் பார்க்காதவர் நத்தை வளர்க்கக் கூடாது.

அலைவாணி:
படமே போடாமல் எல்லாரும் முடிப்பாசி என்கிறீர்கள். இழை இறகு மாதிரி இரு பக்கமும் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ் என்னும் வேறு பாசி. அதை நத்தையும் பெரும்பாலும் தொடாது, பூஜ்யமும் சாய்க்காது. ஃப்ளூகோனசோல் (பூஞ்சைக்கொல்லி மருந்து) லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம். 200 லிட்டர் தண்ணீருக்கு 1000 மில்லிகிராம். பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். கார்பனை (வடிகட்டிக் கரி) எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிவிடும். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) பொங்கினால் கோப்பையைக் கழற்றிவிட்டுக் காற்றுக்காக ஓடவிடுங்கள். இரண்டு வாரம் பொறுத்து, அழுகியதை உறிஞ்சி எடுத்து, தண்ணீர் மாற்றுங்கள்.

பவளப்பித்தன்:
ஆக, செத்த பிரையாப்சிஸ் விடும் பாஸ்பேட்டை எது எடுக்கும்? ஜிஎஃப்ஓ. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறீர்கள்.

உப்புக்காரன்:
ஜிஎஃப்ஓவே கூடாது என்று எங்கே எழுதினேன்? பூஜ்யம் கூடாது என்றேன். போன மாத விவாதத்திலும் சொல்லாததைச் சொன்னதாக இப்படித்தான் மாற்றினீர்கள். பாக்கெட்டில் போட்ட அளவில் பாதியில் தொடங்கி, வாராவாரம் அளந்து, பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 பிபிஎம்முக்குள் நிறுத்த வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் வரை இருக்கட்டும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை யாரும் செய்வதில்லை. இரண்டு வாளியில் தொட்டியின் உப்புத்தண்ணீர். பாறையை வெளியே எடுத்து முதல் வாளியில் பாசியை வேரோடு பிடுங்கி, கெட்டியான பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். இரண்டாவதில் அலசித் திரும்ப வைக்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் உதிர்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் வேறொரு மூலையில் முளைக்கும். எடுக்க முடியாத பாறையில் சைஃபன் குழாயை ஒட்டிப் பிடித்துக்கொண்டே பிடுங்கி, தண்ணீரை ஃபில்டர் சாக் (வடிகட்டும் பை) வழியாக சம்ப்புக்கு (கீழே உள்ள துணைத்தொட்டி) விடலாம். பிடுங்கிய பாசியோடு அதற்குள் இருந்த பாஸ்பேட்டும் வெளியே போகிறது. எந்த ரியாக்டரும் அதைச் செய்யாது.

பவளப்பித்தன்:
ரெட்ஃபீல்டு விகிதம் (கடலில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம்) 16:1 என்று தெரியாமல் எண் சொல்கிறீர்கள். 5 நைட்ரேட்டுக்கு 0.1 பாஸ்பேட் எப்படிப் பொருந்தும்?

உப்புக்காரன்:
16:1 அணு எண்ணிக்கை. பிபிஎம்மில் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் அது ஏறக்குறைய 10:1 ஆகும். அதுவும் திறந்த கடலின் மிதவை உயிரிகளில் கண்ட சராசரி. மீனுக்குத் தீனி போடும் கண்ணாடிப் பெட்டிக்கு அது இலக்கு ஆகாது. பேச்சை மாற்றாதீர்கள். பூஜ்யம் காட்டும் தொட்டியில் ரியாக்டரை இரண்டு நாள் நிறுத்துங்கள், தீனியை மாற்றாமல் மறுபடி அளந்து இங்கே போடுங்கள். எண் ஏறினால் பாறையிலிருந்தோ தீனியிலிருந்தோ இன்னும் வருகிறது.

பவளப்பித்தன்:
ஏறினால் ரியாக்டர் தேவை என்றுதானே நிரூபணமாகிறது? நான் நிறுத்தப் போவதில்லை.

அலைவாணி:
படம் போடுங்கள் என்றேன்.

நத்தைநேசன்:
டிரோக்கஸும் மல்லாந்தால் சாகும். உப்புக்காரன் பதில் சொல்லவில்லை.

உப்புக்காரன்:
டிரோக்கஸ் திரும்பிக்கொள்ளும் என்று மேலேயே எழுதியாயிற்று, படியுங்கள். பித்தன், அளந்த எண்ணைப் போடுங்கள்.