ஒரே எடை, ஒரே உலோகம், இரண்டு போத்தல்

வெள்ளவத்தைக் கடற்காற்று

கலப்புலோக நானோ துணிக்கைகளோடு (கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உலோகப் பொடிகளோடு) மல்லுக்கட்டிய ஆட்கள் இங்கே யாராவது இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

2022, மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் என் கடைசி வருட ஆராய்ச்சி. தங்கமும் வெள்ளியும் சரிபாதி அணுக்களாகக் கலந்த துணிக்கை செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொதிநீரில் தங்க உப்பையும் வெள்ளி நைத்திரேற்றையும் விட்டு, அவற்றை உலோகமாக்குகிற சித்திரேற்றை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தால் முடிந்தது என்று நினைத்தேன். முதல் நாளே பால் மாதிரி கலங்கிவிட்டது. தங்க உப்பு ஒவ்வொரு தங்க அணுவோடும் நான்கு குளோரைட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறது, வெள்ளி அதைக் கண்டால் விடாது. வெள்ளிக் குளோரைட்டு சாதாரண நீரில் லீட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில்தான் கரையும், கொதிநீரில் ஏறத்தாழ 20. ஆகவே நன்றாக ஐதாக்கி, கொதி இறங்காமல் பார்த்துக்கொண்டு செய்தால்தான் சரிவரும். இது விளங்க எனக்கு இரண்டு கிழமை போனது.

அப்புறம் ஒரு போத்தல் சரியாக வந்தது. செம்மஞ்சள் நிறம். வெள்ளி மட்டும் என்றால் 400 நானோமீற்றர் அலைநீளத்துக்குக் கிட்ட ஒளியை உறிஞ்சும், தங்கம் மட்டும் என்றால் 520க்குக் கிட்ட. என்னுடையதன் நிறமாலையில் 460இல் ஒரே ஒரு உறிஞ்சல் மேடு. கலவை மாற மாற மேடும் நேர்கோட்டில் நகரும் என்று லிங்க், எல்-சயீத் ஆகிய ஆய்வாளர்கள் 1999இலேயே காட்டியிருக்கிறார்கள், எனவே அன்று எனக்கு வலு சந்தோசம்.

இரண்டாவது போத்தலில்தான் கதை. அதே எடை, அதே நீர். சித்திரேற்று விட்டுக் கொஞ்ச நேரத்தில் வைன் சிவப்பு வந்தது, அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. கலக்கியும் நின்றது, சூடும் இறங்கியது. ஜெனரேட்டர் போட்டு மறுபடி சூடாக்கியபோது சிவப்பு மெல்ல மெல்ல மங்கி ஏறக்குறைய முதல் போத்தலின் நிறத்துக்கே வந்துவிட்டது. தப்பினேன் என்று நினைத்துக்கொண்டு நிறமாலை எடுத்தால் 400க்குக் கிட்ட ஒன்று, 500க்குக் கிட்ட ஒன்று என்று இரண்டு மேடு!

எங்கள் ஆய்வுகூட மடம் (ஆசிரியை) பார்த்துச் சிரித்தார். தங்கம் வெள்ளியைவிட முந்தி உலோகமாகிவிடும் (தாழ்த்தல் அழுத்தம், அதாவது உலோகமாகும் நாட்டம், தங்கத்துக்கு 1.00 வோல்ற்று, வெள்ளிக்கு 0.80). கரண்ட் போனபோது தங்கம் முடிந்து வெள்ளி மிச்சம் இருந்திருக்கிறது, திரும்பச் சூடாக்கியதும் வெள்ளி போய்த் தங்கத்துக்கு மேலே தோலாகப் படிந்திருக்கிறது. "இரண்டிலும் ஐதரசன் பெரொட்சைட்டு நாலு துளி விட்டுப் பாரும்" என்றார். விட்டேன். முதலாவது அசையவில்லை. இரண்டாவதில் வெள்ளித் தோல் கரைந்து, என் கண்முன்னாலேயே பழைய சிவப்பு திரும்பி வந்தது. எடை போட்டது நானே, இரண்டிலும் ஒரு மில்லிகிராம் வித்தியாசம் இல்லை.

செட்டியார் தெரு

தம்பி, இதைப் படிக்க எங்கள் அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்தது. உரைகல்லில் நகையைத் தேய்ப்பதற்கு முன் அப்பா ஒரு ஓரத்தை அரத்தால் லேசாக ராவுவார். முலாம் பூசிய நகைக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. சுத்தமான 22 கரட்டைக்கூட ஊதி ஒட்டும்போது அதிலுள்ள செம்பு மேலே கறுக்கும், திராவகத்தில் போட்டால் அந்தச் செம்பு மட்டும் கரைந்து போகும். மிஞ்சுகிற மேல்தோலில் தங்கம் அதிகம். அப்படியே தேய்த்தால் கல் உங்களுக்குப் பத்தரை மாற்று என்று பொய் சொல்லும், உள்ளே வேறு.

இன்னொன்று. தங்கத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க வேண்டும் என்றால் நாங்கள் முதலில் இன்னும் வெள்ளியைச் சேர்ப்போம்! ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி வரும்வரை சேர்த்து உருக்கி, பிறகுதான் நைத்திரிக்கமிலம். வெள்ளி குறைவாக இருந்தால் தங்கம் சுற்றிவர நின்று மறித்துக்கொள்ளும், திராவகம் உள்ளே போகாது. உங்கள் முதல் போத்தல் அசையாமல் இருந்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன், நீங்கள்தான் படித்த ஆள், சரியா என்று சொல்லுங்கள்.

வெள்ளவத்தைக் கடற்காற்று

அண்ணா, அதேதான். இதை நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் என் ஆய்வறிக்கையில் ஒரு அத்தியாயம் சுலபமாக முடிந்திருக்கும். உங்கள் நகையில் மேல்தோல் என்பது மொத்தத்தில் ஒரு தூசு. எங்கள் துணிக்கைகளில் அப்படியில்லை. 309 அணு கொண்ட ஒரு துணிக்கையை எடுத்தால், குறுக்கே ஏறத்தாழ 2 நானோமீற்றர், அதில் 162 அணு மேற்பரப்பிலேயே நிற்கிறது. பாதிக்கு மேல் தோல்!

பஞ்சிகாவத்தைப் பக்கம்

நான் வாகன ஆள், ஆய்வுகூடம் தெரியாது. ஆனால் பழைய ஹைபிரிட் கார்களின் கன்வேட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பெட்டி) கழற்றிக் கழற்றிக் கை தேய்ந்தவன். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு மண் கட்டி, அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒட்டியிருக்கும், அதற்காகவே இரவில் காருக்கு அடியில் படுத்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். என் கேள்வி இது: கட்டி உடையவில்லை, உலோகமும் இருக்கிறது, ஆனால் புகைப் பரிசோதனையில் வண்டி விழுகிறது. ஏன்?

வெள்ளவத்தைக் கடற்காற்று

பல காரணம் இருக்கலாம் அண்ணா. அதிக சூட்டில் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் மேற்பரப்பு குறைந்துவிடும். எஞ்சின் ஒயிலிலிருந்து வரும் பொசுபரசு மேலே படிந்து மூடிவிடலாம். இதைவிட எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. ரோடியமும் பல்லேடியமும் கலந்த துணிக்கையைச் சுற்றி ஒட்சியேற்றும் வாயு இருந்தால் ரோடியம் மேலே வருகிறது, காபனோரொட்சைட்டு மாதிரி தாழ்த்தும் வாயுவுக்கு மாற்றினால் பல்லேடியம் மேலே ஏறுகிறது, திரும்ப மாற்றினால் திரும்ப மாறுகிறது. சொமோர்ஜாய் என்ற வேதியியலாளரின் குழு இதை 2008இல் காட்டியது. விருந்தாளி யார் என்று பார்த்துத்தான் வாசலுக்கு யார் வருவது என்று வீட்டில் முடிவெடுப்பது போல.

ஓய்வுபெற்ற டீச்சர்

லண்டனில் அக்கா வீட்டுக்குப் போனபோது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் பார்த்தேன். 4ஆம் நூற்றாண்டு உரோமக் கண்ணாடி. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ துணிக்கைகள்தான் காரணமாம், பக்கத்தில் எழுதியிருந்தது. நான் அரைமணித்தியாலம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை, அக்காவுக்குக் கோபம். தம்பி, உங்கள் இரண்டு போத்தலும் இன்னும் இருக்கிறதா?

வெள்ளவத்தைக் கடற்காற்று

பெரொட்சைட்டு விடாமல் எடுத்துவைத்த மிச்சம் இருந்தது டீச்சர். போன மாதம் அலுமாரி துப்புரவாக்கக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். முதலாவது இன்னும் செம்மஞ்சள்தான். இரண்டாவதில் தண்ணீர் தெளிந்து, அடியில் கறுப்பாக ஒரு பொடி. குலுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் எழும்பி மறுபடி போய் இருந்துவிட்டது.