இசிஆரில் கடற்கரை வில்லா: குடியிருக்க, வாடகைக்கு விட இரண்டுக்கும் ஆகுமா?

மயிலை_ரவி: சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இசிஆர்) கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒரு வில்லா பார்த்திருக்கிறோம். மூன்று படுக்கையறை, சின்ன நீச்சல் குளம், 2 கோடி சொல்கிறார்கள். நான் ஓய்வு பெறச் சில வருடங்கள் இருக்கின்றன. அதுவரை நாள் வாடகைக்கு விடலாம், சனி ஞாயிறில் நாங்களும் போய்த் தங்கலாம், அப்புறம் அங்கேயே குடியேறலாம் என்பது திட்டம். மனைவிக்குச் சம்மதம், மகனுக்கு இல்லை. என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை: நான் உங்கள் மகன் கட்சி. பத்திரச் செலவே முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று 9 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 18 லட்சம் முதல் நாளே போச்சு. சரி, ஒரு இரவுக்கு 15,000 வாடகை, மாதம் நான்கு இரவு நிரம்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7.2 லட்சம். அதில் காவலாள் சம்பளம், குளம் சுத்தம் செய்வது, மின்கட்டணம், முன்பதிவுத் தளத்தின் கமிஷன், பெயின்ட் எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் பெரிது. போட்ட பணத்துக்கு 2 சதவீதம்கூடத் தேறாது. வங்கிக் கடன் வேறு வாங்கினால் கேட்கவே வேண்டாம்.

நீலாங்கரை_அக்கா: கணக்குப்பிள்ளை சார், எதைப் பார்த்தாலும் எஃப்டியோடுதான் ஒப்பிடுவீர்களா? இந்தச் சாலையில் மனை விலை ஏறியதை விட்டுவிட்டீர்களே. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்று கோவளத்துக்கு 2021இல் கிடைத்தது. ஓஎம்ஆர் ஐடி ஆட்களுக்கு அரை மணி நேர தூரம். நாங்கள் முட்டுக்காடு பக்கம் இருக்கும் வீட்டை வாடகைக்கு விடத்தான் செய்கிறோம். டிசம்பர், ஜனவரியில் இடமே கிடைக்காது.

கணக்குப்பிள்ளை: மனை விலை ஏறும் மேடம், மறுக்கவில்லை. அதற்கு மனையை வாங்கினால் போதும். குளமும் காவலாளும் எதற்கு? இன்னொன்று: ரவி சார் போய்த் தங்க ஆசைப்படுவதும் சனி ஞாயிறு, வாடகைக்கு ஆள் வருவதும் சனி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்? வீடு என்றால் அந்தச் சனி ஞாயிறு அவருடையது, வியாபாரம் என்றால் விருந்தாளியுடையது.

நீலாங்கரை_அக்கா: அதற்கு மாதக்கணக்கில் குத்தகைக்கு விடலாமே. கம்பெனிக்காரர்கள் எடுக்கிறார்கள். தொந்தரவும் குறைவு. வருமான வரியில் வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் கழிவும் உண்டு. நாள் வாடகை என்றால்தான் அதைத் தொழில் வருமானம் என்று கேள்வி கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை: அப்போது அவர் போய்த் தங்குவது எப்போது? இருக்கிற ஒரே சுகமும் போய்விடுமே.

உப்புக்காத்து: கட்டட வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அழகாகத் தெரிகிற வீட்டை நம்பாதீர்கள். கடல் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதினால் பூச்சு பெயர்ந்து விழும். ஏசியின் வெளி யூனிட், கிரில் கேட், கீல், தாழ்ப்பாள் எல்லாமே ஊருக்குள் உழைக்கும் அளவு அங்கே உழைக்காது. பழைய வீடாக இருந்தால் தூணின் அடியிலும் பால்கனியின் அடிப்பக்கத்திலும் விரிசல் இருக்கிறதா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். கிணற்று நீரை மே மாதத்தில் வாயில் வைத்துப் பார்க்கவும். மழைக்காலத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

வில்லங்கம்: எல்லோரும் வாடகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, அதாவது சி.ஆர்.இசட்., அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல் நீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அங்கிருந்து 500 மீட்டர் வரை நிபந்தனைகள் உண்டு, உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் 200ஐ 50 ஆகக் குறைத்தது. ஆனால் அதன்படி திருத்திய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் ஆன பிறகுதான் அது செல்லும். புரோக்கர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

கொச்சி மரடு நினைவிருக்கிறதா? உள்ளாட்சி அனுமதி கொடுத்த அடுக்குமாடிகள்தான். சி.ஆர்.இசட். மீறல் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடு வீட்டுக்கு 25 லட்சம்.

நீலாங்கரை_அக்கா: மரடு நீர்க்கரையிலேயே எழுப்பிய பெரிய கோபுரங்கள். தனி வில்லாவை அதோடு சேர்த்துப் பயமுறுத்துவது நியாயமா?

வில்லங்கம்: விதி மாடியை எண்ணியா வருகிறது அக்கா? அதோடு கரையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டிய பின் வடக்கே போகும் மணல் நின்றுபோய், அங்கே கரையைக் கடல் தின்றுவிட்டது.

மயிலை_ரவி: எல்லோருக்கும் நன்றி. புரோக்கரிடம் கேட்டேன். “எல்லாம் அப்ரூவல் ஆனது சார், பேங்கே லோன் தருது” என்கிறார். கடல் எவ்வளவு தூரம் என்றால் “பக்கம்தான்” என்கிறார். அவருக்கு அது விற்பனைப் பேச்சு, எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

வில்லங்கம்: சர்வே எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் வரைபடத்தில் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று மாவட்டக் கடலோர மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். திட்ட அனுமதி நகல், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும், வங்கியின் வக்கீல் போதாது. அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று பத்தாயிரம்கூடக் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை: எல்லாம் சரியாக இருந்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது: அந்தச் சனிக்கிழமை யாருக்கு?

நீலாங்கரை_அக்கா: எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு சனி எங்களுக்கு. மார்கழி விடுமுறையில் அதுவும் கிடையாது. பழகிவிட்டது.