உலக வரைபடத்தில் வெளிர் நிறம், என் ரிப்போர்ட்டில் மட்டும் ஏன் சிவப்பு?

கணக்குப்பிள்ளை எழுதியது:
வயது 44. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ எண் 26.2 வருகிறது. வேலைக்காக ஐரோப்பாவில் இருந்தபோது அங்கே பார்த்த டாக்டர் "கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்" என்றார். இந்தியா திரும்பி எடுத்த பரிசோதனையில் அதே 74 கிலோவுக்கு "உடல் பருமன்" என்று சிவப்பில் அடித்திருக்கிறார்கள். விமானத்தில் உட்கார்ந்து வந்ததிலேயே குண்டாகிவிட்டேனா?

உலக வரைபடத்தையும் பார்த்தேன். அமெரிக்காவில் பெரியவர்களில் நூற்றுக்கு 40 பேர் பருமனானவர்கள். டோங்கா, நவுரு போன்ற பசிபிக் தீவுகளில் பாதிக்கும் மேல். இந்தியாவில் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. அப்புறம் நம்மைப் போட்டு ஏன் மிரட்டுகிறார்கள்? எடை குறைப்பு வியாபாரமா?

டேப்பும்கையும் எழுதியது:
வியாபாரமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் அது இல்லை. சர்க்கரை நோய்ப் பிரிவில் 19 வருடமாக நர்ஸாக இருக்கிறேன், இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்றாவது வரும்.

நீங்கள் பார்த்த வரைபடம் பிஎம்ஐ 30-இல் பருமன் என்று கோடு போட்டது. உங்கள் ரிப்போர்ட் 25-இல் போட்டது. இந்திய மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-இல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். ஏன் என்றால், எடையை மட்டும் பார்க்காமல் நோயையும் பாருங்கள். 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அமெரிக்காவில் 15 சதவீதத்தை ஒட்டி. பருமனில் பல மடங்கு வித்தியாசம், சர்க்கரையில் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கம்! இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், வெள்ளையருக்கு பிஎம்ஐ 30-இல் வரும் சர்க்கரை அபாயம் தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! தராசுக்கு இதெல்லாம் தெரியாது, அது கிலோவைத்தான் சொல்லும்.

தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்வது ஓரளவு பத்திரமான சேமிப்பு. நம்மில் பலருக்கு அந்தத் தொட்டி சின்னது, சீக்கிரம் வழிந்து கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய் உட்காரும். கல்லீரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல்வதை அது கேட்காது. சர்க்கரையை இழுத்துக்கொள்ள வேண்டிய தசையும் நமக்குக் குறைவு. அதே ஐசிஎம்ஆர் ஆய்வில் 25-க்கு மேல் பிஎம்ஐ உள்ளவர்கள் 28.6 சதவீதம், தொப்பை உள்ளவர்கள் 39.5 சதவீதம். அதனால் எடையை விடுங்கள், இடுப்பை அளந்தீர்களா?

அரைநடை எழுதியது:
அப்போ எல்லாம் பரம்பரைதானே? இனத்திலேயே எழுதியிருந்தால் ஓடி என்ன ஆகப்போகிறது? என் அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கும் சர்க்கரை. நான் பேசாமல் படுத்துவிடுகிறேன்.

டேப்பும்கையும் எழுதியது:
படுப்பதற்கு முன் பீமா மக்களைப் பற்றிக் கேளுங்கள். ஒரே பழங்குடி. ஒரு பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவில், இன்னொரு பகுதியினர் மெக்சிகோ மலைகளில் கையால் விவசாயம் செய்துகொண்டு. 2006-இல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனாக்காரர்களில் 38 சதவீதத்துக்குச் சர்க்கரை, மலையில் இருப்பவர்களில் 6.9. பருமனும் மலையில் வெகு குறைவு. மரபணு ஒன்றுதான், இருக்கும் இடமும் உழைப்பும் வேறு. உங்கள் அப்பா, தாத்தா கணக்கு பொய் இல்லை, ஆனால் அது பாதிக் கணக்கு.

கணக்குப்பிள்ளை எழுதியது:
இடுப்பு 34 இஞ்ச். பேன்ட் சைஸ் அதுதான். அதாவது 86 செ.மீ. ஆண்களுக்கு 90 தானே எல்லை? தப்பித்தேன்.

டேப்பும்கையும் எழுதியது:
பேன்ட் சைஸா! பேன்ட் தொப்பைக்குக் கீழே அல்லவா நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். சட்டை மேல் வேண்டாம். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு முடித்த நேரத்தில் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, எல்லோரும் எக்குவார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:
97. எக்கினால் 92.
சரி, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

டேப்பும்கையும் எழுதியது:
வேண்டாம், அதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். கூடவே கொழுப்பும் பார்க்கச் சொன்னால் மட்டும் லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.