ஏற்காடு மாநாட்டில் கேஸ் ரிப்போர்ட்: 8 நிமிடப் பேச்சு, ஒரு போஸ்டர்

கொண்டலாம்பட்டி_கைகள் கேட்டது:

வணக்கம். டிசம்பரில் ஏற்காட்டில் நடக்கும் மசாஜ் ஆய்வு மாநாட்டில் கேஸ் ரிப்போர்ட் (ஒரே நோயாளியைப் பற்றிய ஆய்வறிக்கை) வைக்கத் தேர்வாகியிருக்கிறேன். 8 நிமிடம் பேச வேண்டும், போஸ்டரும் ஒட்ட வேண்டும். விசைத்தறி ஓட்டுபவர், நாற்பதைத் தாண்டியவர், வலது கழுத்திலும் தோள்பட்டையிலும் ஐந்து மாத வலி. ஜூலை கடைசி வாரம் தொடங்கி மூன்று வாரத்தில் 6 அமர்வு செய்தேன். 0–10 வலி எண் 7இலிருந்து 3க்கு வந்தது. கழுத்துவலி அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்கும் கேள்வித்தாளான நெக் டிசபிலிட்டி இண்டெக்ஸில் 50க்கு 18 இருந்தது 9 ஆனது. அவர் கார் ஓட்டாததால் அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன்.

மசாஜால் வலி குறைந்தது என்று தலைப்பிலேயே போடலாமா? பேச்சில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? போஸ்டரை எதில் அச்சடிப்பது? எத்திக்ஸ் கடிதம் (ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி) வேண்டுமா?

அளவுகோல் பதில்:

முதலில் கணக்கைத் திருத்துங்க. அந்த இண்டெக்ஸில் 10 பகுதி, ஒவ்வொன்றும் 0 முதல் 5. ஒரு பகுதியை விட்டால் மொத்தம் 45தான். 45க்கு 18 என்றால் 40 சதவீதம், 9 என்றால் 20 சதவீதம். 50க்கு என்று போட்டால் 36, 18 என்று தப்பாக வரும். எந்தக் கேள்வி ஏன் விடப்பட்டது என்று போஸ்டரில் ஒரு வரி எழுதுங்க. நம்ம ஊர்ப் பட்டறைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி இடறும். வாசிப்பு பற்றிய பகுதியும் அப்படித்தான்.

கேள்விகளை வாசித்துக் காட்டியது யார்? மசாஜ் செய்தவரே கேட்டால், முகத்துக்கு நேரே "இன்னும் வலிக்குதுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு எண்ணைக் குறைத்துச் சொல்வார்கள். நீங்களேதான் கேட்டீர்கள் என்றால் அதையும் குறையாக எழுதிவிடுங்க. தமிழ் வடிவத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்க. வீட்டில் மொழிபெயர்த்த தாளும், சோதித்துப் பார்த்த மொழிபெயர்ப்பும் ஒன்றில்லை.

தலைப்பில் "மசாஜால்" வேண்டாம். "மசாஜ் பெற்ற விசைத்தறித் தொழிலாளியின் கழுத்துவலி: ஒரு கேஸ் ரிப்போர்ட்" போதும். வலி எண் 2 புள்ளி இறங்கினாலே அது உணரக்கூடிய மாற்றம் என்று பொதுவாக ஏற்கிறார்கள். உங்களுக்கு 4 இறங்கியிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஒரே ஆளை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் சிகிச்சைக்கு வருவார். அங்கிருந்து எண் தானாகவும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே வெவ்வேறு நாட்களில் குறைந்தது மூன்று முறை அளக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்றால் ஆடி. சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம். அப்போது தறி ஓடியதா? நின்றிருந்தால் ஓய்விலேயே வலி குறைந்திருக்கலாம்.

கொண்டலாம்பட்டி_கைகள்:

இல்லைங்க, நடுவில் நான்கு நாள் தறி நின்றது. நான்காவது அமர்வும் ஐந்தாவதும் அந்த வாரத்தில்தான். இதை நான் யோசிக்கவே இல்லை. ரிப்போர்ட்டையே திரும்பப் பெற்றுவிடலாமா?

அளவுகோல்:

வேண்டாங்க. அதை வெளிப்படையாக வைத்தால் ரிப்போர்ட்டின் மதிப்பு கூடும். ஒரே வரைபடத்தில் கீழே தேதி, மேலே வலி எண், அடியில் அன்றன்று அவர் தறியில் வேலை செய்த மணி நேரம், அமர்வு நடந்த நாளில் அம்புக்குறி. தறி திரும்ப ஓடிய பிறகு, ஆறாவது அமர்வுக்கு முன் எடுத்த எண் எங்கே நிற்கிறது என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இப்போது ஒருமுறை அவரிடம் வலி எண் கேட்டு, "இத்தனை வாரம் கழித்து" என்று சேருங்க. ஏற்காடு தோட்டங்களில் காப்பி பறிப்பவர்களை எடுத்தாலும் இதே சிக்கல்தான், பறிப்பு முடிந்தால் தோள்வலி தானே தணியும்.

எத்திக்ஸ் கடிதம் பற்றி அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்க, ஒற்றை கேஸுக்கு இடத்துக்கு இடம் விதி மாறும். சம்மதம் மட்டும் எங்கேயும் கட்டாயம். சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் தனி, மாநாட்டில் காட்டவும் படம் போடவும் கொடுக்கும் சம்மதம் தனி. அவர் படிக்கக்கூடிய தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. வயது, பட்டறை இருக்கும் தெரு, பச்சை குத்திய கை, இதெல்லாம் சேர்ந்தால் கொண்டலாம்பட்டியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தோள்பூட்டு பதில்:

8 நிமிடத்தில் இரண்டரை நிமிடத்தை மசாஜுக்கே கொடுங்க. கேட்பவர் ஊருக்குப் போய் அதே மாதிரி செய்து பார்க்க முடிய வேண்டும். "கழுத்து மசாஜ் 30 நிமிடம்" என்பதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. எந்தத் தசை, எந்த வரிசை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், குப்புறப் படுக்க வைத்தா உட்கார வைத்தா, என்ன எண்ணெய், எத்தனை மில்லி, செய்தவரின் பயிற்சி என்ன, எல்லாம் வேண்டும். மேல் ட்ரபீசியஸ், லெவேட்டர் ஸ்கேபுலே, மண்டையோட்டு அடித் தசைகள் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்க.

அழுத்தத்துக்கு "மிதமாக" என்று எழுதாதீர்கள், ஒருவருக்கு மிதம் இன்னொருவருக்கு இறுக்கம். வால்டன் அளவுகோலில் 1 முதல் 5 வரை இருக்கிறது. 1 என்பது லோஷன் தடவும் அளவு, 3 நடுத்தரம், 5 ஆழம். அந்த எண்ணைப் போடுங்க. சித்த மருத்துவர்களும் வருவார்கள் என்றால் தொக்கணச் (சித்த மருத்துவ மசாஜ்) சொல்லையும் பக்கத்தில் வையுங்க. பிடித்தல், அழுத்தல், இழுத்தல், தட்டல் என்று அவர்களிடம் துல்லியமான பெயர்கள் இருக்கும்போது "ஸ்ட்ரோக்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைப்பது வீண்.

பக்கவிளைவு எழுத மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் மறுநாள் கேட்டிருந்தால்தான் "எதுவும் இல்லை" என்று எழுதலாம். கேட்காமல் விட்டிருந்தால் "பதிவு செய்யவில்லை" என்றே போடுங்க. கை மரத்தல், பிடி தளர்தல், தலைசுற்றல், பழைய அடி இவற்றை முதல் நாள் விசாரித்ததையும் சேருங்க.

எழுதும் வரிசைக்கு 2013இல் வந்த, கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கான கேர் (CARE) வழிகாட்டியைப் பாருங்க, 13 தலைப்பு. மசாஜுக்கு ஏற்ப மாற்றிய வடிவம் 2014இல் வந்தது. மசாஜ் தெரபி ஃபவுண்டேஷன் 2008 முதல் நடத்தும் ஐஜேடிஎம்பி (IJTMB) என்ற மசாஜ் ஆய்வு இதழில் இலவசமாகவே கிடைக்கும்.

மீதி நேரம்: நோயாளிக்கும் பரிசோதனைக்கும் ஒன்றரை, வரைபடத்துக்கு இரண்டு, குறைகளுக்கு ஒன்றரை. கடைசி அரை நிமிடம் கையிருப்பு. நிமிடத்துக்கு நூறு சொல் என்று எழுதிக் கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்க.

இருபதாவது_வளைவு பதில்:

போஸ்டர் அளவை அமைப்பாளரிடம் கேளுங்க. ஏ0 நெடுக்காக என்றால் 841 × 1189 மி.மீ. ஃபைலை முழு அளவில், 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) கொடுங்க, சுமார் 4,970 × 7,020 பிக்சல் வரும். சேலத்து ஃப்ளெக்ஸ் கடைகளுக்குத் தூரத்திலிருந்து பார்க்கும் பேனர் அடித்துத்தான் பழக்கம். ஓர் அடி தூரத்தில் நின்று படிக்கிற எழுத்து அதே செட்டிங்கில் மங்கிவிடும். பிடிஎஃப்பாகக் கொடுங்க. தமிழ் எழுத்துருவை அவுட்லைனாக மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். தலைப்பு 80 பாயிண்டுக்கு மேல், உள்ளெழுத்து 28க்குக் குறையாமல். பளபள ஃப்ளெக்ஸில் விளக்கு பட்டால் வரைபடம் தெரியாது, மேட் கேளுங்க.

டிசம்பரில் மலையில் பனிமூட்டம் ஏறினால் அரங்குக்குள்ளும் ஈரம் வரும். சாதாரணத் தாள் சுருண்டுகொள்ளும், இரட்டைப் பக்க டேப் பிடிக்காது. துணியில் அச்சடித்தால் மடித்துப் பையிலேயே கொண்டுபோகலாம். ஃப்ளெக்ஸ் என்றால் மடிக்காமல் சுருட்டி பிவிசி குழாயில் போடுங்க, மடிப்புக்கோடு போகாது. குண்டூசியும் வெல்க்ரோவும் இரண்டுமே வைத்திருங்க, எந்தப் பலகை தருவார்கள் என்று சொல்ல முடியாது.

காலை முதல் அமர்வில் பேசவேண்டும் என்றால் முந்தின நாள் மாலையே ஏறிவிடுங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வயிறு புரட்டிக்கொண்டு மேடையில் நிற்பது சிரமம்.

செய்து காட்டச் சொன்னால், குளிரில் எண்ணெய் கெட்டித்தன்மை கூடித் தோலும் சிலிர்த்துக்கொள்ளும். தசை இறுகினால் உங்கள் அழுத்த எண்ணும் மாறிவிடும். கிண்ணத்தை வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து, முதலில் உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்க. செய்யாத பகுதியைப் போர்வையால் மூடியே வையுங்க.

கொண்டலாம்பட்டி_கைகள்:

தறி மணி நேரம் பட்டறைக் கூலி நோட்டில் இருக்கிறது, அவர் அனுமதியோடு வாங்கி வரைபடத்தில் சேர்க்கிறேன். நாலாவது அமர்வுக்கு மறுநாள் நான் கேட்கவில்லை, மற்ற ஐந்துக்கும் குறிப்பு இருக்கிறது.

தோள்பூட்டு:

அப்படியே எழுதுங்க: "ஐந்து அமர்வுகளுக்குப் பின் விசாரிக்கப்பட்டது, ஒன்றுக்கு விசாரிக்கப்படவில்லை." அந்த ஐந்தில் லேசான வலி என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும், எத்தனை மணி நேரத்தில் அடங்கியது என்பதோடு சேருங்க.