18 ஃபிரேம் திருமணப் படத்தைச் சீராக ஓடச் செய்ய உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 1978இல் எங்கள் அத்தையின் திருமணத்தைத் தாத்தா சூப்பர் 8 என்னும் சிறிய பிலிம் சுருள் கேமராவில், நொடிக்கு 18 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) வேகத்தில் எடுத்தார். அந்தச் சுருளை டிஜிட்டலாக மாற்றித் தந்த நிலையத்தில், நொடிக்கு 7 ஃபிரேம்களை இரட்டிப்பாக்கி, 25 ஃபிரேம் கொண்ட கோப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அதனால் நடப்பவர்கள் நொடிக்குப் பலமுறை தயங்கி நிற்பதுபோல் தெரிகிறது.

இரு ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட படங்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் ரைஃப் (RIFE) மென்பொருளைக் கொண்டு இதை 50 ஃபிரேமாக உயர்த்திப் பார்த்தேன். ஒரே படம் இருமுறை வரும் இடங்களில் அசைவே இல்லையென்று அது கணக்கிடுவதால், தயக்கம் அப்படியே நீடிக்கிறது. எனவே நகல்களை முதலில் நீக்க எண்ணி, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்னும் காணொளிக் கருவியில், முந்தையதைப் போலவே இருக்கும் ஃபிரேம்களை நீக்கும் எம்பிடெசிமேட் (mpdecimate) வடிகட்டியைப் பயன்படுத்தினேன். ஆனால் மணமக்கள் அசையாமல் அமர்ந்திருக்கும் காட்சிகளில் அது உண்மையான ஃபிரேம்களையும் சேர்த்து நீக்கிவிட, படத்தின் கால அளவே மாறிவிட்டது. உண்மையான ஃபிரேம்களில் சுருளின் துகள்கள் ஒவ்வொன்றிலும் வேறுபடும் என்பதால், எவ்வளவு வேறுபாடு வரை நகலாகக் கொள்வது என்னும் அந்த வடிகட்டியின் வரம்பு அளவுகளைச் சரியாக அமைத்தால் நகலைப் பிரித்தறிய முடியும் என்றே நம்புகிறேன்.

அந்த அளவுகளை எவ்வளவு வைக்கலாம், அல்லது 25இல் 7ஐ மட்டும் நீக்கும் வழி வேப்பர்சிந்த் (VapourSynth) என்னும் காணொளிச் செயலாக்க மென்பொருளில் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ரைஃப் உருவாக்கும் படங்களில், மாலை மாற்றும்போது விரல்கள் கரைந்துபோவதும், காட்சி மாறுமிடத்தில் இரு படங்கள் கலப்பதும் அடுத்த சிக்கல்கள். அத்தைக்கு இப்போது பார்வை மங்கி வருவதால், விரைவில் அவருக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.